சோறில்லாத தட்டு

டேய் அந்தோணி, நைனா பேசறேன். நல்லா கீறியா? ரோஸி நல்லா கீதா? பாப்பாவுக்குச் சளி வுட்டுச்சா? இதெல்லாம் போன்ல கேக்க வேண்டியது. நீதான் போன எடுக்க மாட்டேன்றியே. அதனால குடும்பக் குரூப்லயே போடறேன். நீயும் குரூப்லதான போட்ட? "பாப்பா ஞானஸ்நானத்துக்கு நைனா வர மாட்டாரு, அவருக்கு உடம்பு சரியில்ல"ன்னு. அத்த, சித்தப்பா, வடபழனி மாமா, அல்லாரும் படிச்சிட்டாங்க. ஒருத்தர்கூட "இன்னா உடம்புக்கு?"ன்னு கேக்கல பாரு. கும்புட்ற கைய மட்டும் போட்டுட்டு பூட்டாங்க. ஏன் கேக்கணும்? நம்ம குப்பத்துல ஒரு ஆம்பளைக்கு உடம்பு சரியில்லன்னா இன்னா அர்த்தம்னு அல்லாருக்கும் தெரியும். உங்கம்மா எத்தினி வருசம் வாசல்ல நின்னுக்கினு வந்தவங்ககிட்டெல்லாம் அதையே சொன்னா. "அவருக்கு உடம்பு சரியில்ல, அப்பால வாங்க." அவகிட்டேர்ந்து கத்துக்கினதத்தான் நீயும் போட்டுகீற. எனக்குக் கோவம் இல்ல. இல்லடா, பொய் சொல்றேன், கோவம் நெறைய கீது. மைக்க அமுக்கிப் பேசினா போனே எழுதிக்கும்னு நீதான் காமிச்சிக் குடுத்த. நான் கீதுன்னா அது கீதைன்னு எழுதுது, நானும் ஒத்த வெரலால திருத்திக்கினு குந்திகீறேன். வர்ற ஞாயித்துக்கெழம என் பேத்திக்கு ஞானஸ்நானம். நான் அங்க நிக்கணும். அதுக்காகத்தான் இவ்ளோ நீளமா பேசறேன்.

மொதல்ல சொல்லிட்றேன், கேட்டுக்க. நான் குடிக்கல. ஒரு சொட்டு கெடையாது. எனக்கு வந்துகீறது சுகர். பாப்பா பொறக்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடி, கரையில வலை பிரிச்சிக்கினு இருக்கசொல்லோ கால்ல சிப்பி கீறிச்சி. சின்னக் கீறல்தான், கடல்தண்ணி பட்டா ஆறிடும்னு வுட்டுட்டேன். ஆறவே இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போனா டாக்டரம்மா கால பாக்கறதுக்கு முன்னாடி வெரல குத்திச்சி. "பெரியவரே, சுகர் ஏறிக் கெடக்கு. ஒரு வேளைக்கு எவ்வளவு சோறு சாப்பிடுறீங்க?"ன்னு கேட்டுச்சி. நான் ஒரு கைய தட்டு மாதிரி விரிச்சி, இன்னொரு கைய அதுக்கு மேல மலை மாதிரி குவிச்சிக் காமிச்சேன். சின்னப் பொண்ணு, சிரிப்ப அடக்கத் தெரியல. அப்பால பொறுமையாத்தான் சொல்லிச்சி. சோத்த இப்போதைக்குப் பாதியா கொறைங்க, போகப் போக இன்னும் கொறைக்கலாம், மீன், முட்டை, கீரை, காய் நல்லா சாப்பிடுங்க, மீனுக்கு உங்களுக்கு என்ன குறைச்சல்னு. மாத்திரையும் எழுதிச்சி.

கொறைக்கறதுன்றது எனக்கு வராத வேல. உனக்கே தெரியும். வெச்சிக்கினா மொத்தமா வெச்சிக்குவேன், வுட்டா மொத்தமா வுடுவேன். அன்னிக்கே வூட்டுக்கு வந்து அரிசி மூட்டை, சக்கர டப்பா ரெண்டையும் தூக்கி எதிர்வூட்டு ஸ்டெல்லாகிட்ட குடுத்துட்டேன். அதோட வூட்டுக்காரனுக்கும் சுகர், ரொம்ப வருசமா கீது, அதனால அதுக்கு இதெல்லாம் அத்துப்படி. "ஏண்ணா, கொறைக்கத்தான சொன்னாங்க, இன்னாத்துக்கு ஒரேடியா?"ன்னு கேட்டுச்சி. நான் எங்க கேக்கறேன். உன்கிட்ட ஏன் சொல்லலன்னு நீ கேப்ப. சொல்றேன். பாப்பா பொறந்து வாரம்கூட ஆவல. கொழந்த பொறந்த நேரம், தாத்தன் சீக்குல வுழுந்தான்னு எவளாச்சும் ஒருத்தி நாக்க நீட்டுவா. உங்கத்தையே சொல்லும், குரூப்ல கீதுன்னு தெரிஞ்சேதான் சொல்றேன், கோவிச்சிக்கினா கோவிச்சிக்கட்டும். அந்தப் பேச்சு எம்பேத்தி மேல வரக்கூடாதுன்னு வாய மூடிக்கினேன். ஞானஸ்நானம் முடியட்டும், அப்பால சொல்லிக்கலாம்னு இருந்தேன்.

சோறு இல்லாம வவுத்த ரொப்பறது இன்னா பேஜாருன்னு துன்னு பாத்தாத்தான் தெரியும். மொத வாரம் கேழ்வரகு களி கிண்டித் துன்னுட்டு, சோத்த ஜெயிச்சிட்டேன்னு ஜம்பமா ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுகர் எறங்கவே இல்ல. "சோறு போய் களி வந்தா எப்படி பெரியவரே? ரெண்டும் ஒடம்புல போய் ஒண்ணாத்தானே ஆவுது?"ன்னு அந்தப் பொண்ணு தலையில அடிச்சிக்கிச்சி. டீக்கடையில ஆளாளுக்கு டாக்டரு. ஒருத்தன் சப்பாத்திதான் மருந்துன்றான், இன்னொருத்தன் கருப்பட்டி போட்டா சுகரே வராதுன்றான். அல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு மீனு, முட்டை, அவரக்கா, முருங்கக் கீரன்னு எறங்கிட்டேன். கொழம்பு வெச்சா அத எதுல ஊத்தறதுன்னு தெரியாம கிண்ணத்துல ஊத்திக் குடிச்சேன். உங்கம்மா பாத்திருந்தா துடப்பத்த எடுத்திருப்பா.

ருசியகூட வுட்டுத் தள்ளு. சோறு இல்லன்னா சீக்கிரம் முடிஞ்சிடுதுடா. சோறு துன்றது ஒரு வேல. கொழம்ப ஊத்தணும், பெசையணும், முள்ள எடுக்கணும், உருட்டணும், அப்பால ரசத்துக்குக் கொஞ்சம் ஒதுக்கணும். அந்த வேலையில எதிர்ல ஆள் இல்லன்றது தெரியாது. உங்கம்மா போனதுக்கு அப்பால இத்தினி நாளு அதுலதான் ஓட்டினேன். இப்ப ரெண்டு துண்டு மீன எடுத்து வாயில போட்டா முடிஞ்சிபோச்சி, தட்டு காலி, எதிர்ல செவுரு. முந்தியெல்லாம் சோறு வடிச்சா ஸ்டெல்லா கிண்ணத்த தூக்கிக்கினு கஞ்சி வாங்க வரும், புடவைக்குப் போட. அந்தச் சாக்குல ரெண்டு வார்த்த பேசும். இப்ப கஞ்சி இல்ல, அதுவும் வர்றதில்ல. நானாப் போய் கதவத் தட்டி, சும்மா பேச வந்தேன்னு சொல்ல முடியுமா? சாயங்காலமானா காலாற நடந்து லஸ் பக்கம் போய்ட்டு வருவேன். வழி நெடுக எவன் வூட்லயாச்சும் குக்கர் வுசில் அடிக்கும். அந்த வாசனைக்கு நின்னுட்டு, அப்பால நடப்பேன்.

நம்ம வூட்ல சோறுன்னா வெறும் சோறு இல்ல. உனக்கு நான் சொல்லணுமா? குடிக்கறவன் மீன தனியாத்தான் துன்னுவான். வறுத்த நெத்திலி, அரிஞ்ச வெங்காயம், ஒரு மூடி எலுமிச்சம்பழம். சோறு உள்ள போனா போத எறங்கிடும்னு அந்தப் பக்கமே போவ மாட்டான். நான் அப்டித்தான் இருந்தேன். நீ சின்னப் பையனா இருக்கசொல்லோ உங்கம்மா மார்க்கெட்லேர்ந்து வந்து கூடைய எறக்கறதுக்கு முன்னாடி உன்னத்தான் உள்ள அனுப்புவா. "நைனா தட்டுல சோறு கீதா பாத்துட்டு வாடா"ன்னு. நீ கதவாண்ட நின்னுக்கினு எட்டிப் பாப்ப. சோறு இருந்தா பொஸ்தகத்த எடுத்துக்கினு வந்து என் பக்கத்துல குந்துவ. வெறும் மீனா இருந்தா பைய எடுத்துக்கினு அத்த வூட்டுக்குப் போய்டுவ. நான் பாக்கலன்னு நெனச்சிக்கினு மெதுவா காலெடுத்து வெப்ப. அல்லாம் பாத்துக்கினுதான் இருந்தேன். அன்னிக்கு எனக்கு வெக்கம் வரல, சிரிப்புதான் வந்திச்சி. அந்த வெக்கம் இப்பதான் வருது.

அப்பால நான் வுட்ட கதை உனக்குத் தெரியும். எவனும் வந்து புத்தி சொல்லல, மாதா கனவுலயும் வரல. ஒரு நாளு நீ எட்டிப் பாக்கறத நிறுத்திட்ட. நேரா அத்த வூட்டுக்கே போய்ட்ட, பாக்கணும்னே உனக்குத் தோணல. அன்னிக்கு வுட்டேன். வுட்டுட்டேன்னு வாயால சொன்னா உங்கம்மா நம்புவாளா? எத்தினி தடவ சொல்லிகீறேன். தட்டுல சோத்த மலையா கொட்டி என் முன்னாடி வெச்சிட்டு எதிர்ல குந்திக்கினா. நான் ஒரு பருக்கை வுடாம துன்னேன். மறுநாளும் வெச்சா, துன்னேன். பைபிள் மேல கை வெச்சி சத்தியம் பண்றவன் உண்டு, நான் சோத்து மேல கை வெச்சி பண்ணேன். பசிக்குதோ இல்லியோ, ரெண்டாம் தடவ கேட்டு வாங்குவேன், அவ மூஞ்சில தெரியற அந்த நிம்மதிக்காவ. கடேசில ஆஸ்பத்திரியில படுத்திருக்கசொல்லோ கூட, "சோறு துன்னியா?"ன்னுதான் கேட்டா. இவ்ளோ சோறு ஏன் துன்னீங்கன்னு டாக்டரம்மா கேட்டா நான் இன்னான்னு சொல்றது?

அவ போனதும் அந்தக் கேள்விய நீ எடுத்துக்கின. கொட்டிவாக்கத்துக்குக் குடி போனதுலேர்ந்து தெனம் பொழுது சாயற நேரத்துக்குப் போன் வரும். "நைனா, சோறு துன்னியா?" அவ்ளோதான். துன்னேன்டான்னா "செரி, வெச்சிட்றேன்"ன்னு வெச்சிடுவ. வேற பேச்சு கெடையாது. நீ கேக்கறது சோத்த இல்லன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு உனக்கும் தெரியும். பரவால்ல, அதுக்காச்சும் ஒரு போன் வருதேன்னு இருந்தேன். அந்த ஒரு வார்த்தைக்காவ மத்தியானத்துலேர்ந்தே போன சார்ஜ் போட்டு வெப்பேன். சோத்த வுட்டதுக்கு அப்பால இன்னா சொல்றது? துன்னலன்னு சொன்னா பதறிப்பூடுவ. அதனால துன்னேன்னே சொல்லிக்கினு வந்தேன். குடிச்ச காலத்துலயே அவ்ளோ பொய் சொன்னதில்ல. ஒடம்பு வேற எளைக்குது, சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆய்டுச்சி. கரையில ரெண்டு பேரு ஒரு மாதிரி பாத்தானுங்க, திரும்ப ஆரம்பிச்சிட்டான்னு. உன் காதுக்கும் வந்திருக்கும். நீ கேக்கல, நானும் சொல்லல.

இப்ப அந்த நாளுக்கு வர்றேன். நீ சொல்லாம வந்த. ரோஸி, பாப்பா, கையில அழைப்பு கார்டு, எனக்குப் புதுச் சட்ட, வேட்டி. மூணு பேரும் வாசல்ல நின்னீங்க. நான் காலையிலேர்ந்து டீத்தண்ணி மட்டும் குடிச்சிட்டு வலைக்குப் போய்ட்டேன். வந்ததும் மாத்திரைய போட்டேன். அதப் போட்டா கண்டிப்பா சாப்புடணும்னு அந்தப் பொண்ணு படிச்சிப் படிச்சி சொல்லியிருந்திச்சி. நெத்திலி வறுத்து, வெங்காயம் அரிஞ்சி, எலுமிச்சம்பழம் புழிஞ்சி தட்டுல வெச்சிக்கினு குந்தினேன். அவ்ளோதான், கை ஒதற ஆரம்பிச்சிடுச்சி. வேர்வ தொப்பலா ஊத்துது. கண்ணுக்கு அல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது. உன் மூஞ்ச பாத்து எழுந்திருக்கப் போய் கட்டில்ல மோதி வுழுந்தேன், தண்ணி டம்ளர் உருண்டு ஓடிச்சி. சுகர் தாழ்ந்தா ஒடனே ஒரு வாய் சக்கர போட்டுக்கணும்னு சொல்லியிருந்தாங்க. நம்ம வூட்லதான் சக்கரையே இல்லியே. உன்னப் பாத்து "சக்கர குடுறா, சக்கர"ன்னு சொல்றேன். நாக்கு மடங்கிக்கிச்சி. "சரக்... சரக்கு..."ன்னு என் காதுக்கே கேக்குது. ஐயோ, அது இல்லடான்னு சொல்லணும், வாய் வரல.

நீ என்னப் பாக்கல அந்தோணி. என் தட்டப் பாத்த. அதே மாதிரி, கதவாண்ட நின்னுக்கினு, அதே கண்ணால. தாடி மீச மொளச்சி, ஒரு கொழந்தைக்கு அப்பனா ஆனதுக்கு அப்பாலயும் பொஸ்தகப் பைய தூக்கிக்கினு போற புள்ள மாதிரியே மூஞ்சி சுருங்கிப்போச்சி. ரோஸி கையிலேர்ந்து பாப்பாவ வாங்கித் தோள்ல போட்டுக்கினு, "இதுக்குத்தான் எம்பொண்ண இட்டுக்கினு வந்தேனா?"ன்னு கேட்ட. சட்டையும் வேட்டியும் வாசப்படியிலயே வெச்சிட்டு பூட்ட. வண்டி கெளம்பற சத்தம் கேட்டுச்சி. டம்ளர் சத்தத்துக்குத்தான் ஸ்டெல்லா ஓடியாந்திச்சி. பாத்ததுமே அதுக்குப் புரிஞ்சிடுச்சி, நான் குடுத்த சக்கர டப்பாவையே எடுத்துக்கினு வந்து தண்ணில கரைச்சி வாய்ல ஊத்திச்சி. கொஞ்ச நேரத்துல எழுந்து குந்திட்டேன். "புள்ளைக்குப் போன் போட்டு நான் சொல்றேண்ணா"ன்னிச்சி. வேணாம்னுட்டேன். நானே போட்டேன், நீ எடுக்கல. அப்பால எனக்கும் வீராப்பு வந்திடுச்சி, அவனா கேக்கட்டும்னு வுட்டுட்டேன். ஒரு வார்த்த, "இன்னா ஆச்சி நைனா?"ன்னு கேட்டிருக்கலாமேடா. தெனம் ஒரு கேள்வி கேட்டியே, அந்தக் கேள்வியாச்சும் கேட்டிருக்கலாமே.

மறுநாளு டாக்டரம்மா வுட்ட டோஸ் இருக்கே. மாத்திரைய போட்டுக்கினு வவுத்த காயப் போட்டா ஆளே காலியாய்டுவீங்க, சாப்பாட்ட மாத்தினா எங்ககிட்ட சொல்லிட்டு மாத்தணும்னு காச்சி எடுத்திடுச்சி. மாத்திரைய கொறச்சிச்சி, நேரத்துக்குத் துன்னச் சொல்லிச்சி. இப்ப ஒழுங்கா கீறேன். சட்டப்பையில ரெண்டு சாக்லேட்டு எப்பவும் கெடக்கும். கால் புண்ணு ஆறிடுச்சி. உன் சட்டைய எடுத்துப் போட்டுப் பாத்தேன், பழைய அளவுக்கு எடுத்துகீற, ரெண்டு ஆள் பூரலாம். தி.நகர் போய் ஒரு டெய்லராண்ட புடிச்சித் தெச்சிக்கினு வந்தேன். பாப்பாவுக்கு வெள்ளக் கவுனு ஒண்ணு அங்கயே எடுத்தேன். போடுவியோ மாட்டியோ, எடுத்து வெச்சிகீறேன்.

அப்பன்னு ரெண்டு வார்த்த சொல்லிட்றேன், கேக்கறதும் கேக்காததும் உன் இஷ்டம். போய் சுகர் பாத்துக்க. இது அப்பன்கிட்டேர்ந்து புள்ளைக்கு வர்ற சீக்குன்னு சொல்றாங்க. நீ வேற ஏசி ரூம்ல குந்திக்கினு, ஆழ்வார்பேட்ட ஆபீஸ்ல மத்தியானம் பரோட்டாவா துன்னு தள்றன்னு ரோஸி சொல்லிச்சி. ரெண்டாவது, இனிமே சோறு துன்னியான்னு கேக்காத. குடிச்சியான்னு கேளு. எனக்கு ரோசம் வராது. நேரா கேட்டா நேரா இல்லடான்னு சொல்லுவேன். உங்கம்மாவும் நானும் நேரா பேசாம, தட்ட வெச்சே பேசிக்கினு காலத்த ஓட்டிட்டோம். அந்தப் பழக்கம் உனக்கும் ஒட்டிக்கிச்சி. எம்பேத்தி வளந்து வந்து எந்தத் தட்டையும் எட்டிப் பாக்கக் கூடாது.

ஞாயித்துக்கெழம கோயிலுக்கு நான் வருவேன். நீ வேணான்னாலும் கடேசி பெஞ்சில குந்துவேன், அது ஆண்டவன் வூடு, அங்கேர்ந்து என்ன எவனும் எழுப்ப முடியாது. ஆனா கொட்டிவாக்கத்து ஹாலுக்கு நீ கூப்ட்டாதான் வருவேன். அங்க பிரியாணி போடுவ. அல்லாரும் என் தட்டத்தான் பாப்பாங்க, கெழவன் சோறு வாங்கறானா இல்லியான்னு. ஒரு நாளுதான, நாலு கை அள்ளித் துன்னுட்டா அல்லார் வாயும் மூடிக்கும், உனக்கும் மானம் காப்பாத்தின மாதிரி இருக்கும்னு நானே நெனச்சேன். அப்பால வேணாம்னுட்டேன். அடுத்தவன் நம்பணும்னு சோறு துன்னது போதும்டா. நீ ஒண்ணு பண்ணு. பரிமாறறவன் கையில வுடாத. நீயே ஒரு தட்ட எடு. ரெண்டு துண்டு கறி வை, ஒரு முட்டை வை, வெங்காயப் பச்சடி கொஞ்சம் வை. சோறு வெக்காத. அத்த பாக்கட்டும், சித்தப்பா பாக்கட்டும், வடபழனி மாமா நல்லா கண்ணாடிய தொடச்சிக்கினு பாக்கட்டும். அத்தினி பேருக்கும் முன்னாடி, அந்தச் சோறில்லாத தட்ட உன் கையால என் கையில குடுறா நைனா.